கீச்சுக்குரல் கதாநாயகன்

என் அண்ணனைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் நான் விட்டெறிந்த சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தால் இந்நேரம் ஓர் ஒட்டுக்கடையே போட்டிருக்கலாம். பென்சில் பெட்டி, செருப்பு, பாதி கடித்த கொய்யா, ஒருமுறை தேத்தண்ணியோடு சேர்த்துக் கோப்பை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘மிளகாய்’ என்று பெயர். இப்போது சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கை நீளுவது நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை.

விஷயம் இதுதான்: அண்ணனுக்குக் குரல் உடையவில்லை. அவர் வயதுப் பையன்களுக்கெல்லாம் தொண்டை கரகரத்து ஆம்பிளைக் குரல் வந்தபோது அண்ணனுக்கு உடம்பு மட்டும் வளர்ந்தது. வாசலில் குனிந்துதான் நுழைவார். செம்பனைக் குலையை ஒற்றைக் கையால் தூக்கி டிராக்டரில் போடுவார். அய்யனார் மாதிரி மீசை. வாயைத் திறந்தால் எட்டு வயதுப் பெண்பிள்ளையின் குரல் கீச்சென்று வரும். டாக்டர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தால் மாறலாம் என்றார். அதற்கு வாராவாரம் வேலையை விட்டுவிட்டு யார் கூட்டிப்போவது என்று அப்பா அதோடு விட்டுவிட்டார்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தோட்டத்தில்தான் அண்ணன் இன்றைக்கும் டிராக்டர் ஓட்டுகிறார். வெளியில் அவர் பேசுவதைக் கேட்டவர்கள் குறைவு. கடையில் விரலால் காட்டி வாங்குவார். கோயில் கூட்டத்தில் தலையை ஆட்டுவார். வீட்டில்தான் பேச்செல்லாம். போனில் யாராவது கூப்பிட்டால் அவரைப் பெண் என்றே நினைப்பார்கள். ஒருமுறை பேங்கிலிருந்து கூப்பிட்ட மலாய்க்காரப் பெண், “புவான், உங்கள் கணவர் இருக்கிறாரா?” என்று மலாயில் கேட்டாள். “இல்லை, வேலைக்குப் போயிருக்கிறார், மோசமான மனுஷன், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது” என்று அதே குரலில் மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

“கட்டிக்கிட்ட நீங்களே சிரிச்சா ஊர்ல உள்ளவன் சிரிக்க மாட்டானா அண்ணி?” என்று கேட்டேன்.

“நல்லா இருந்துச்சு, சிரிச்சேன். அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?” என்றார் அண்ணி.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை.

இப்படி இருக்கும்போது சபாக்கிலிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர், என்னைவிடச் சின்னவர். பத்தாங் காலியில் எங்கள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கேமராவும் கையுமாக வந்திருந்தார். மணவறைக்குப் பக்கத்தில் வைத்திருந்த விளக்கின் வெளிச்சம் மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் நேராக அடித்தது. அண்ணன் குனிந்து கேமராக்காரரின் காதருகே, “தம்பி, லைட்டக் கொஞ்சம் திருப்புங்க. சம்பந்தி அழுவுறாருன்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க” என்றார். அந்த ஆள் விளக்கைத் திருப்பவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார், நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவருக்கு ஒரு சிரிப்புப் படம் எடுக்க வேண்டுமாம். இந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கத்துப் பேச்சே பேசி நடிக்கிற படம். கதையை ஒரே மூச்சில் சொன்னார். ஒரு தோட்டத்தில் ஒருவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: கோயில் திருவிழாவில் மைக் பிடிக்க வேண்டும். ஆனால் அவனுக்குக் கீச்சுக்குரல்.

எங்கள் பக்கத்தில் திருவிழா மைக் என்றால் சும்மா இல்லை. சாமிக்கு அடுத்தபடி அன்றைக்கு அதிகாரம் உள்ளவர் மைக்காரர்தான். பந்தலில் சாப்பாடு தொடங்கிவிட்டது என்பார். வழியை மறித்து நிற்கும் காரைப் பார்த்து, ‘வெள்ளைக் காடியை எடு’ என்று அதட்டுவார். காணாமல் போன பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். ஒருவர் பிடித்தால் சாகும்வரை விடமாட்டார். எங்கள் கோயிலிலும் நான் பிறந்ததிலிருந்து ஒரே குரல்தான்.

கதை முடிந்ததும் எனக்கு மண்டையில் ஏறிவிட்டது.

“தம்பி, எங்கண்ணன் கொரல வச்சா படம் எடுக்கப் போறீங்க? ஊரு சிரிக்கறது பத்தலன்னு ஸ்கிரீன் கட்டி வேற சிரிக்க வைக்கணுமா? தேத்தண்ணிய குடிச்சிட்டு நேரா சபாக் போய்ச் சேருங்க.”

அவர் எழுந்தே விட்டார். அண்ணன் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. எப்ப சிரிக்கறதுன்னு அவங்களே முடிவு பண்றாங்க. ஒரு தடவ அத நான் முடிவு பண்ணிப் பாக்கணும் லா. நான் சொல்றப்ப சிரிக்கணும். நான் நிறுத்துன்னா நிறுத்தணும்.”

“அவங்க பழையபடி கேலிக்குச் சிரிச்சா?”

“அப்ப பேச்ச விட்டுட வேண்டியதுதான்” என்றார். “வெளியதான் பேசறதில்ல. வீட்லயும் நிப்பாட்டிக்கலாம்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு என் அண்ணனைத் தெரியும். இருபது வயதில் ஒருநாள் கோயில் கூட்டத்தில் எழுந்து பேச வாயைத் திறந்து, சிரிப்பில் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு எழுந்ததே இல்லை. சொன்னதைச் செய்துவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் நானும் படப்பிடிப்புக்குப் போனேன், கையில் குடையோடு. எவனாவது சிரித்தால் ஒரு போடு போடலாம் என்று எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில்தான் எடுத்தார்கள். கேமரா கல்யாணக் கேமராதான். குலை வெட்டுகிற நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டியிருந்தார்கள். சும்மாதானே நிற்கிறீர்கள் என்று அந்தக் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். குடையைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் நாள் கோயில் முன்னால் அண்ணன் நின்றார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து பாதிப்பேர் வந்து சுற்றி நின்றார்கள். வீடியோக்காரர், இப்போது எங்களுக்கு டைரக்டர், கேமராவைச் சரிபார்த்துவிட்டு, சத்தமாக, “ஆக்‌ஷன்” என்றார்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. திரும்பி நடந்து போய் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் கம்போடு ஓடினேன்.

“என்னண்ணே ஆச்சு?”

“நான் என்ன ஆக்‌ஷன் காட்டினேன்? இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள இத்தன பேரு முன்னாடி ஆக்‌ஷன்னு சொல்றாரு.”

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: பந்தா. புதுக் காடி வாங்கியவன் லயத்து வழியாக மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் ஆக்‌ஷன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன் ஆக்‌ஷன். அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் அண்ணன் எழுந்தபோதும் பின்னாலிருந்து ஒருவன், “ஆக்‌ஷன் போடாத, உக்காரு” என்றுதான் சொன்னானாம். சினிமாவில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் எந்தப் படத்திலும் அந்தச் சொல் வராதே. அதற்கு அப்புறம் நடப்பதைத்தானே நமக்குக் காட்டுகிறார்கள்.

நான் வந்து சொன்னதும் கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. கேமராவை விட்டுவிட்டு டிராக்டருக்குப் போய்ச் சக்கரத்தருகே தரையிலேயே உட்கார்ந்தார்.

“அண்ணே, காலையில வேலை ஆரம்பிக்கறப்ப இங்க என்ன சொல்லிக் கூப்புடுவாங்க?”

அண்ணன் அவரைக் குனிந்து பார்த்து, “பெரட்டுன்னு கூப்புடுவாங்க” என்றார். காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலை வாங்கிப் போவதற்குப் பெயர் பெரட்டு.

“அப்ப நமக்கும் அதுதான். வேலை நடுவுல நிறுத்தறப்ப?”

“பசியாறலாம்னு சொல்லுவாங்க.”

அதோடு தீர்ந்தது. டைரக்டர் “பெரட்டு” என்று கத்துவார். நடிக்கிறவர், நடிக்காதவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். நடிப்பு ஓடும். “பசியாறலாம்” என்றால் நிறுத்த வேண்டும். என்ன, முதல் தடவை அப்படிச் சொன்னபோது எல்லோரும் நிஜமாகவே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பக் கூட்டிவருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நான் வாயடைத்துப் போனது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கதாநாயகன் மைக்காரரிடம் போய், எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கிற கட்டம். மைக்காரராக நடித்தவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். வசனத்தைக் கடகடவென்று சொல்லிவிடுங்கள் என்றார் டைரக்டர். அண்ணன் தலையை ஆட்டினார்.

“இல்ல தம்பி. நான் வாயத் தொறந்த உடனே ஒரு சிரிப்பு வரும். அது கொரலுக்கு வர்ற சிரிப்பு. அது எனக்கு வேணாம். மொத வார்த்தைய சொல்லிட்டு நான் கம்முனு நிக்கறேன். முன்னாடி உள்ளவங்க முடிப்பாங்க, அப்புறம் பின்னாடி உள்ளவங்க முடிப்பாங்க. கடைசியா ஒரு ஆளு தனியா சிரிச்சிட்டு வெக்கப்பட்டு நிறுத்துவாரு. அப்ப மிச்சத்த சொல்றேன். அதுக்கும் சிரிச்சாங்கன்னா, அது வசனத்துக்கு.”

அங்கே கூட்டமே இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஆனாலும் அவர் “அண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இல்லாத சிரிப்பு அடங்கும்வரை மண்டோர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே முடியும், யார் கடைசி என்று அவருக்குக் கேட்டது போலிருந்தது. பிறகு பேசினார். கம்பைப் பிடித்திருப்பதையே மறந்துவிட்டேன், மைக் மண்டோரின் தலையில் இடித்தது. நான் செருப்பை எறிந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் இந்த மனுஷன் ஊர்ச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார். எனக்கு அவரோடு கூடப் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு எல்லோருமே மாறிவிட்டார்கள். டைரக்டர் அண்ணனைக் கேட்காமல் கேமராவை நகர்த்துவதில்லை. மண்டோர் மட்டும் ஒருநாள், “எல்லாம் சரி, கொரல மட்டும் வேற ஆள வச்சுக் கம்பீரமா போட்டுடலாமே” என்றார். “அப்ப படமே இல்லையே அண்ணே” என்றார் டைரக்டர். மண்டோர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

படம் முடிந்து, டவுனில் மண்டபம் எடுத்து, ஒரு ஞாயிறு சாயங்காலம் போட்டுக் காட்டினார்கள். தோட்டத்து ஜனங்கள் வேனில் வந்தார்கள். சபாக், பத்தாங் காலி, ரவாங் என்று எல்லாப் பக்கமிருந்தும் உறவுகள். நான் நடுவரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் பின்னால் அண்ணனும் அண்ணியும். மொத்தமே முக்கால் மணி நேரப் படம்தான். இடைவேளை இல்லாவிட்டால் அது படமே இல்லை என்று டைரக்டர் பிடிவாதமாக ஓர் இடைவேளையும் வைத்திருந்தார்.

விளக்கு அணைந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அண்ணன் முதல் வார்த்தை சொன்னார். மண்டபமே சிரித்தது. எனக்குத் தெரிந்த அதே சிரிப்பு. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திரையில் அவர் பேசாமல் நின்றார். முன்வரிசை அடங்கியது. பின்வரிசை அடங்கியது. கடைசியாக ஓரத்தில் ஒருவர் தனியாகச் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். அண்ணன் மிச்சத்தைச் சொன்னார். மறுபடி சிரித்தார்கள். இது எந்தச் சிரிப்பு? கேலியா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கண்ணைத் துடைக்கிறார்கள், தொடையில் தட்டுகிறார்கள், பக்கத்து ஆளைக் கிள்ளுகிறார்கள். சந்தேகப்பட்ட இரண்டு பேரை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

“பாப்பா, படம் நல்லா இல்லையா?”

“ஏண்ணே, எல்லாரும் அப்படிச் சிரிக்கிறாங்க.”

“நீ சிரிக்கலயே. நான் படத்தப் பாக்கல, உன் பின்மண்டையதான் பாத்துக்கிட்டு இருக்கேன். அங்கயும் இங்கயும் திரும்புது, சிரிச்சு ஒரு தடவகூட ஆடல.”

“உங்களப் பாத்து நான் என்னிக்குண்ணே சிரிச்சிருக்கேன்?” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அததான் கேக்கறேன்” என்றார். “இத்தன வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. நான் பேசினதுல ஒண்ணுகூடவா நல்லா இல்ல?”

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

“அவங்க கொரல மட்டும் கேட்டுச் சிரிச்சாங்க. நீயும் கொரலதான் கேட்டே பாப்பா. வருத்தப்பட்டுக்கிட்டே கேட்டே, அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன்னு ரெண்டு பேருமே கேக்கல.”

மணி அடித்தார்கள். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். என் கையில் தேத்தண்ணிப் பை சுட்டுக்கொண்டிருந்தது, அதைக் குடிக்கக்கூடத் தோன்றவில்லை. செருப்பு எறிந்து காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. ரொம்ப வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. சரி, முகங்களைப் பார்த்தது போதும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியில் திருவிழா வருகிறது. மைக்காரர் ஐஸ் சிராப்பாகக் குடித்துத் தள்ளியதில் தொண்டை கட்டிக்கொள்கிறது. மேடையில் ஏற வேறு ஆளில்லை. கதாநாயகன் ஏறுகிறான். மைக்கைப் பிடித்து, “பக்தகோடிகளே” என்கிறான். திரையில் உள்ள கூட்டமும் சிரித்தது, மண்டபமும் சிரித்தது. அண்ணன் பேசவில்லை. கேமராவை நேராகப் பார்த்தார். எங்களைத்தான் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியாது. சிரிப்பு குறைந்தது, தேய்ந்தது, அப்புறம் சுத்தமாக நின்றது. மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“செவப்புச் சட்ட போட்ட ஒரு சின்னப் புள்ள இங்க மேடைகிட்ட நிக்குது. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அம்மாவோ அப்பாவோ, எங்க இருந்தாலும் உடனே வாங்க.”

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதே கீச்சுக்குரல்தான், ஒரு துளி மாறவில்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் மடியில் இருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் மனதில் குறித்து வைத்திருந்த இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள். நிறுத்துன்னா நிறுத்தணும் என்றாரே, அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரையில் அண்ணன் குனிந்தார். பிள்ளை அவர் காதில் ஏதோ சொன்னது. நிமிர்ந்து, அதே கவலையோடு மைக்கில் சொன்னார்:

“பக்தகோடிகளே, ஒரு சின்னத் திருத்தம். புள்ள காணாமப் போகலயாம். அப்பாதான் காணாமப் போயிட்டாராம். நீலச் சட்ட, வழுக்கத் தல, கையில ரெண்டு ஐஸ்கிரீம். பாத்தவங்க அதட்டாமக் கூட்டிக்கிட்டு வந்து புள்ளகிட்ட ஒப்படைங்க.”

வயிற்றுக்குள்ளிருந்து எனக்கு ஏதோ பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் வாயில் வைத்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது.

“அப்பா, நீங்க அழுவாம அங்கயே நில்லுங்க” என்றார் திரையில் அண்ணன். “ஐஸ்கிரீம் உருகுதுன்னா ஒண்ண நீங்களே சாப்பிட்டுருங்க. புள்ள சரின்னு சொல்லிருச்சு.”

சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்நாற்காலியில் முட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் சிரித்தேன். மண்டபம் சிரித்து முடித்தும் நான் முடிக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அழுகையும் சேர்ந்துகொண்டது, நிறுத்த முடியவில்லை.

பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தட்டியது. காதருகே கீச்சுக்குரல் கண்டிப்பாகச் சொன்னது.

“பாப்பா, மெதுவா சிரி. அடுத்த வசனம் கேக்கல.”